டைல் திரும்பலாம், இடம் திரும்பக் கூடாது

(வீடியோ கேம் லெவல் வடிவமைப்பு குறித்துக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அதனால் நேராக வேலைக்குள் போய்விடலாம்.

பதினாறுக்குப் பதினாறு பிக்சலில் ஒரு புல் டைல் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பச்சையில் மூன்று சாயல், நாலைந்து புல் நுனி, வலப்பக்க மேல் மூலையை ஒட்டி ஒரு மஞ்சள் பூ. தனியாகப் பார்த்தால் அழகாக இருக்கிறது. அதை லெவல் முழுக்க நிரப்புகிறீர்கள். உடனே புல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, பூ மட்டும் தெரிகிறது. கிடைவரிசையில் பூ, நெடுவரிசையில் பூ, மூலைவிட்டத்தில் பூ. திரை 320-க்கு 180 பிக்சல் என்றால் அகலத்தில் 20 டைல், உயரத்தில் 11 டைலுக்குக் கொஞ்சம் மேல். ஏறத்தாழ 220 பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அச்சு அசலாக 16 பிக்சல் இடைவெளி. புல்வெளி வரைய நினைத்தவர் கையில் கட்டம்போட்ட தாள்தான் மிஞ்சுகிறது.

இந்தத் தொல்லையை எப்படிப் போக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல் திரும்ப வருவதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். திரும்பி வரக் கூடாதது இடம். ஆட்டக்காரர் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி முகம் இருக்க வேண்டும். அந்த முகத்தைக் கணினி உருட்டும் பகடையால் தர முடியாது. அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்ற காரணம்தான் தரும்.

டைல் என்ற ஏற்பாடே வறுமையில் பிறந்தது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். திரை 256-க்கு 240 பிக்சல். அதை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் 32 பத்தி, 30 வரிசை, மொத்தம் 960 கட்டங்கள். ஒரு டைலைச் சேமிக்க 16 பைட் வேண்டும். பின்னணிக்கு ஒரு நேரத்தில் கிடைப்பது 256 டைல்கள், அதாவது 4,096 பைட். 960 கட்டத்துக்கும் தனித்தனிப் படம் வைக்க இடமே கிடையாது. ஆகவே எந்தக் கட்டத்தில் எத்தனையாவது டைல் என்ற எண்ணை மட்டும் எழுதி வைத்தார்கள். கட்டத்துக்கு ஒரு பைட். இந்தச் சிக்கனத்தில்தான் ஒரு தலைமுறையின் கேம்கள் அத்தனையும் உருவாயின.

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு லெவல், எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே டைல்கள்தான், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று அதே கேமில் இருக்கிறது. முதல் லெவலின் பின்னணியை மட்டும் கவனித்துப் பாருங்கள். பெரிய குன்று, புதர், சிறிய குன்று, மேகம் என்று போகும் வரிசை மூன்று திரைக்கு ஒருமுறை, அதாவது 48 கட்டத்துக்கு ஒருமுறை, அப்படியே திரும்ப வருகிறது. அதே குன்று, அதே இடைவெளி. கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள், பெரும்பாலோர் கண்ணில் இது படவில்லை. ஏன்?

குன்றுக்கு முன்னால் நிற்கும் பொருள்கள் அந்த 48 கட்டக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஓரிடத்தில் குழாய், ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் படிக்கட்டு. அதே குன்று திரும்ப வரும்போது அதற்கு முன்னால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது, நம் கவனம் அங்கே போய்விடுகிறது. பின்னணி திரும்ப வந்தது, இடம் திரும்ப வரவில்லை.

இதிலிருந்து நம் கண் எதைப் பிடிக்கிறது என்பது விளங்கும். ஒரே மாதிரியான இருநூறு புல் நுனிகளை அது பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு நடுவே அடையாளம் காணத்தக்க ஒரு பொருள் கிடைத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அதே பொருள் அதே இடைவெளியில் மறுபடி வருகிறதா என்று தேடுகிறது. மூன்று முறை வந்துவிட்டால் போதும், கட்டம் அம்பலமாகிவிடும். ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு. அடிப்படை டைலில் அடையாளம் இருக்கக் கூடாது. அடையாளம் உள்ள பொருள் ஒரே இடைவெளியில் வரக் கூடாது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அடிப்படைப் புல் டைல் சாதுவாக இருக்கட்டும். பூ வேண்டாம், தனித்து நிற்கும் கூழாங்கல் வேண்டாம், ஓரிடத்தில் மட்டும் கருப்பு அழுத்தம் வேண்டாம். வரைந்து முடித்ததும் டைலைப் பாதித் தூரம், அதாவது எட்டு பிக்சல், வலப்புறமும் கீழ்ப்புறமும் நகர்த்துங்கள்; வெளியேறும் பகுதி எதிர்ப்பக்கம் வந்து சேரட்டும். ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே ஒரு சிலுவைக் கோடு தெரிந்தால் உங்கள் ஓரமும் நடுவும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்தக் கோட்டை அங்கேயே அழித்துச் சரிசெய்யுங்கள். பூ டைலைக் குறை சொல்பவர்கள்கூட இந்த ஓரக் கோட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அடுத்தது மாற்று டைல்கள். ஒரே புல்லுக்கு நான்கு வகை வரைந்து, எந்தக் கட்டத்தில் எது என்பதைக் கணினியிடம் விடுவது எல்லோரும் செய்வது. யூனிட்டி கேம் என்ஜினில் இதற்கென ரேண்டம் டைல் இருக்கிறது. கோடோ என்ஜினிலும் டைலுக்கு இவ்வளவு வாய்ப்பு என்று எண் கொடுக்கலாம். இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதல் பள்ளம், தேர்வு செய்யும் கணக்கு. கட்டத்தின் பத்தி எண்ணையும் வரிசை எண்ணையும் கூட்டி, நான்கால் வகுத்து, மீதியை வைத்து டைலைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? ஒரே டைல் மூலைவிட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு ஓடும். பழைய கட்டம் போய்ப் புதிய சாய்கோடு வந்து சேரும். இரண்டு எண்களையும் நன்றாகக் கலக்கி எடுக்கும் ஹாஷ் முறை வேண்டும். ஒவ்வொரு முறை வரையும்போதும் புதிதாகப் பகடை உருட்டவும் கூடாது. ஆட்டக்காரர் போய்விட்டுத் திரும்பி வரும்போது, விட்டுப்போன புல் அதே இடத்தில் அதே முகத்தோடு இருக்க வேண்டும். இடத்தின் எண்ணிலிருந்தே டைல் பிறந்தால் இது தானாக நடக்கும்.

இரண்டாவது பள்ளம் பகடையின் இயல்பு. நான்கு வகையைச் சம வாய்ப்போடு தூவினால், ஒரு டைலும் அதன் வலப்பக்க டைலும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 20-க்கு 11 கட்டத் திரையில் பக்கத்துப் பக்கத்து இணைகள் 209. அவற்றில் சராசரியாக 52 இணைகள் இரட்டைப் பிறவிகளாக நிற்கும். சாதுவான டைல் என்றால் இதனால் கெடுதல் இல்லை. நான்கில் ஒன்று பூ டைல் என்றால் இங்கே மூன்று பூ ஒட்டிக்கொண்டும், அங்கே பத்துக் கட்டம் வெறிச்சென்றும் கிடக்கும். தற்செயல் என்பது சீராகப் பரவாது, கொத்துக் கொத்தாகத்தான் விழும்.

ஆகவே பூ, கல், காளான் போன்ற அடையாளப் பொருள்களை அடிப்படை டைலோடு சேர்க்காதீர்கள். தனி லேயரில் வையுங்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவே குறைந்தது இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்துத் தூவுங்கள். இதைப் பாய்ஸான் டிஸ்க் முறை என்பார்கள். அதை வேகமாகச் செய்யும் எளிய வழியை ராபர்ட் பிரிட்சன் 2007-இல் வெளியிட்டார். கொத்தும் விழாது, வரிசையும் அமையாது. அந்தப் பொருள்களை டைல் கட்டத்துக்குள் அடைக்கவும் வேண்டாம். மூன்று பிக்சல் இப்படி, ஐந்து பிக்சல் அப்படி நகரட்டும். இரண்டு டைலின் எல்லைமேல் ஒரு கல் உட்கார்ந்தால் அந்த எல்லையே கண்ணுக்கு மறைந்துவிடும்.

நினைவகம் குறைவாக இருந்து தூவ முடியாத சூழல் வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஐந்து டைல் அகலத்தில் திரும்ப வரும் ஒரு லேயர், அதன்மேல் ஏழு டைல் அகலத்தில் திரும்ப வரும் இன்னொரு லேயர். ஐந்துக்கும் ஏழுக்கும் பொதுக் காரணி இல்லாததால் இரண்டும் சேர்ந்த படம் 35 டைலுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். உங்கள் திரையோ 20 டைல் அகலம். ஒரே திரையில் அந்தப் படத்தின் இரண்டு நகல் தெரியவே தெரியாது. ஐந்தும் ஏழும் சேர்ந்து பன்னிரண்டு பத்தி வரைந்தீர்கள், முப்பத்தைந்து பத்தி கிடைத்தது.

டைலைச் சுழற்றியும் கண்ணாடிபோல் திருப்பியும் போட்டால் ஒன்றிலிருந்து எட்டு கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள். இடப்பக்க மேல் மூலையிலிருந்து ஒளி விழும் ஒரு கல்லைச் சுழற்றினால் அதன் நிழல் சூரியனைப் பார்த்து நிற்கும். நிழல் இல்லாத மண்ணுக்கும் மணலுக்கும் இது பொருந்தும், செங்கலுக்கும் கூரைக்கும் பொருந்தாது.

இனி எல்லைகளைப் பார்ப்போம். புல்லும் மண்ணும் சந்திக்கும் இடத்தில் எந்த டைல் வர வேண்டும்? நான்கு பக்கத்து அண்டைக் கட்டங்களை மட்டும் கேட்டு முடிவு செய்தால் 16 டைல் போதும். மூலைகளையும் சேர்த்து எட்டுத் திசையைக் கேட்டால் 256 சேர்க்கைகள். அவற்றில் இரு பக்கமும் புல்லாக இருந்தால்தான் மூலை கணக்கில் வரும் என்று வைத்தால் 47-ஆகக் குறையும். எல்லை டைலைக் கணினியே தேர்ந்தெடுக்கும் ஆட்டோடைல் செய்தவர்களுக்கு இந்த 47 நன்றாகப் பழக்கம். புல்லா மண்ணா என்ற தகவலைக் கட்டத்தின் நடுவில் வைக்காமல் மூலைகளில் வைத்து, படக் கட்டத்தை அரை டைல் தள்ளி அமைத்தால் மறுபடி 16-க்கே வந்துவிடலாம். இப்படி மிச்சமாகும் உழைப்பைக் கொண்டு ஒவ்வோர் எல்லை டைலுக்கும் இரண்டு மூன்று மாற்று வரையுங்கள். நேர்க்கோட்டில் ஓடும் கரையில்தான் திரும்ப வருவது மிகப் பளிச்சென்று தெரியும். அங்கேதான் பலர் ஒரே டைலை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஒருபோதும் திரும்ப வராத அமைப்பு என்று ஒன்று உண்டா? கணித அறிஞர்கள் இந்தக் கேள்வியை நம்மைவிட முன்பே கேட்டார்கள். 1961-இல் ஹாவ் வாங், நான்கு ஓரங்களிலும் நிறம் தீட்டிய சதுரங்களைப் பற்றி எழுதினார். ஒரே நிற ஓரங்கள்தான் ஒட்ட வேண்டும், சதுரத்தைச் சுழற்றக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு தொகுதி தளம் முழுவதையும் நிரப்புமானால், ஒழுங்காகத் திரும்ப வரும் முறையிலும் அதனால் நிரப்ப முடியும் என்று அவர் கருதினார். 1966-இல் ராபர்ட் பெர்கர் அது தவறு என்று நிறுவினார். தளத்தை நிரப்பும், ஆனால் ஒருபோதும் ஒழுங்காகத் திரும்ப வராத ஒரு தொகுதியை அவர் அமைத்தார். அதில் 20,426 டைல்கள். எண்ணிக்கை பிறகு படிப்படியாகக் குறைந்தது. 2015-இல் ஜான்டெலும் ராவும் அதைப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரிலும் இதற்கு நெருங்கிய ஆராய்ச்சி நடந்தது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலங்களை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறு சிறு விதிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தி ஒரு பெரிய கோலத்தை எப்படிப் பிறப்பிக்கலாம் என்பது அதன் பொருள். பக்கத்தில் எது வரலாம் என்ற சின்ன விதியிலிருந்து முழுப் படமும் வளர்கிறது. இன்று லெவல் ஜெனரேட்டர் எழுதுகிறவர்களும் இதே சிந்தனையில்தான் நடக்கிறார்கள்.

வாங்கின் சதுரங்கள் பிறகு கணினி வரைகலைக்குள்ளும் வந்தன. கோஹன், ஷேட், ஹில்லர், டாய்ஸன் ஆகியோர் 2003-இல் எட்டு டைலே போதும் என்று காட்டினார்கள். கிடையில் இரண்டு நிறம், நெடுக்கில் இரண்டு நிறம். மேலே உள்ள டைலும் இடப்பக்க டைலும் தரும் ஓரங்கள் நான்கு விதமாக அமையும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டைல் பொருந்தினால் மொத்தம் எட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் தேர்வு செய்ய இரண்டு வழி இருப்பதால் வரிசை ஒழுங்கு உடைந்துவிடும், ஓரமோ கச்சிதமாகப் பொருந்தும். மாக்சிம் குமின் 2016-இல் வெளியிட்ட வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ் முறையும் எதன் பக்கத்தில் எது வரலாம் என்ற விதிகளை வைத்தே இயங்குகிறது. ஆஸ்கர் ஸ்டால்பெர்க் அதை பேட் நார்த் கேமின் தீவுகளுக்கும் டவுன்ஸ்கேப்பரின் வீடுகளுக்கும் பயன்படுத்தினார். டவுன்ஸ்கேப்பரில் அவர் இன்னோர் அடி மேலே போனார். சதுரக் கட்டத்தையே விட்டுவிட்டு, கோணல் மாணலான நாற்கரங்களால் ஆன கட்டத்தில் வீடுகளை நிறுத்தினார். ஒரே சுவர்த் துண்டு ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் நீண்டு, வேறு சுவராகிவிடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. கணிதத்தில் திரும்ப வராதது, கண்ணுக்கும் திரும்ப வராதது ஆகிவிடாது. ரோஜர் பென்ரோஸின் டைல் அமைப்பு எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்தினாலும் தன்னோடு முழுதாகப் பொருந்தாது. ஆனால் அதன் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், அதே பகுதி அந்தத் தளத்தில் எண்ணற்ற இடங்களில் திரும்ப வரும். ஆட்டக்காரர் தளத்தின் முடிவிலியைப் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் சிறு பகுதியைத்தான் பார்க்கிறார். ஆகவே கணக்கு நமக்கு ஒழுங்கை உடைத்துத் தரும், அவ்வளவே. அதோடு நிறுத்திவிட்டால் நிலம் வெறும் இரைச்சல்போல் ஆகிவிடும். எங்கு பார்த்தாலும் மாறுகிறது, எங்கும் எதுவும் நிகழவில்லை. இதுவும் ஒருவகைத் திரும்பல்தான். ஆயிரம் திரைகளும் ஒரே அளவில் கலைந்திருந்தால் ஆயிரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

முப்பரிமாண கேம்களிலும் இதே கதைதான். பெதஸ்டாவின் ஜோயல் பர்ஜஸும் நேதன் பர்கிபைலும் 2013-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் ஸ்கைரிமின் லெவல்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று விளக்கினார்கள். சுவர், தூண், வளைவு, படி ஆகியவற்றைக் கிட்டுகளாகச் செய்து, கட்டத்தில் பொருத்திப் பொருத்திக் குகைகளும் கல்லறைகளும் எழுப்பினார்கள். ஒரே கலைப்பொருளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஆட்டக்காரருக்கு வரும் சலிப்புக்கு 'ஆர்ட் ஃபட்டீக்' என்று பெயர் வைத்து, அதை எதிர்கொண்ட விதத்தையும் சொன்னார்கள். துண்டுகளை அவை எதற்காகச் செய்யப்பட்டனவோ அதைத் தாண்டி வேறு வழியில் பயன்படுத்துவது, ஒரு கிட்டோடு இன்னொரு கிட்டைக் கலப்பது ஆகியவை அவர்கள் வழிகள். இதற்கு எதிர்முனையில் இட் சாஃப்ட்வேர் உருவாக்கி 2011-இல் வெளிவந்த ரேஜ் நிற்கிறது. நிலம் முழுக்கத் திரும்ப வராத தனி டெக்ஸ்ச்சர். அதற்குக் கொடுத்த விலை பெரிது, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அந்த கேம் மூன்று டிஸ்க்குகளில் வந்தது. அப்படிப்பட்ட பணமும் ஆள்பலமும் நம்மிடம் இல்லை. அது நமக்குத் தேவையும் இல்லை.

நமக்குத் தேவை காரணம். நிலம் எதனால் மாறுகிறது? நீரால், நிழலால், நடையால், காலத்தால். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு அதே புல்வெளிக்குத் திரும்பப் போவோம். ஒரு கிணறு வைக்கிறீர்கள். கிணற்றைச் சுற்றி ஈரம், ஆகவே அங்கே கரும்பச்சை டைல். கிணற்றிலிருந்து வீடுகளுக்கு ஆள்கள் நடக்கிறார்கள், ஆகவே அந்த வழியில் புல் தேய்ந்து மண் தெரியும் டைல். வேலியோரத்தில் யாரும் மிதிப்பதில்லை, ஆகவே அங்கே புல் உயரம். மரத்தடியில் வெயில் இல்லை, ஆகவே புல் குறைவு, சருகு அதிகம். பூக்கள் எங்கே? வெயிலும் ஈரமும் உள்ள, கால் படாத இடத்தில். வரைந்த டைல் பத்துக்குள்தான் இருக்கும். ஆனால் லெவலின் எந்த இரண்டு மூலையும் ஒன்றாக இராது. பார்க்கிறவருக்கு டைல் தெரியாது, அங்கே வாழ்கிறவர்களின் அன்றாடம் தெரியும்.

இதைக் கணினியிடமும் ஒப்படைக்கலாம். இடத்துக்கு இடம் மெல்ல மாறும் எண்களைத் தரும், கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட நாய்ஸ் முறை உங்களுக்குத் தெரியும். அதை நேரே டைல் தேர்வுக்குப் பயன்படுத்தாமல், ஈரத்தின் வரைபடமாகப் பயன்படுத்துங்கள். ஈரம் எங்கே மிகுதி என்பதை அது சொல்லட்டும். எந்த டைல் என்பதை ஈரம் சொல்லட்டும். அப்போது பகடைக்கும் ஒரு காரணம் வந்து சேரும்.

திரும்ப வருவதைக் காக்க வேண்டிய இடமும் உண்டு. ஆட்டத்தின் விதியைச் சொல்லும் டைல் மாறவே கூடாது. மாரியோவில் கேள்விக்குறி போட்ட பெட்டியைப் பார்த்ததும் முட்ட வேண்டும் என்று கை அறிந்துகொள்கிறது. அதை ஆறு விதமாக வரைந்தால் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஏறக்கூடிய விளிம்பு, குத்தும் முள், உடையும் சுவர் எல்லாம் இந்த வகை. வேண்டுமென்றே திரும்ப வரச் செய்த இடங்களும் இருக்கின்றன. 1986-இல் வந்த த லெஜண்ட் ஆஃப் செல்டாவின் லாஸ்ட் வுட்ஸில், சரியான வரிசையில் திசை மாறாவிட்டால் அதே காடு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மாரியோவின் சில கோட்டைகளிலும் தவறான பாதையில் போனால் அதே தாழ்வாரம் மறுபடி வரும். அந்தத் திரும்பல் நமக்கு வழி தவறிவிட்டது என்று சொல்லும் செய்தி. மற்ற இடங்களெல்லாம் திரும்பாமல் இருந்தால்தான் அந்தச் செய்திக்கு வலு.

முடிக்கும் முன் உங்கள் லெவலைச் சோதிக்க மூன்று வழிகள் சொல்கிறேன். ஒன்று, எடிட்டரில் கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அருகில் தெரியாத வரிசைகள் தூரத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டு, திரையைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் மறைத்து வைத்திருந்த அழுத்தங்கள் வெளியே வரும். மூன்றாவதுதான் முக்கியம். லெவலிலிருந்து பத்துத் துண்டுப் படங்களை வெட்டி எடுத்து, அதை ஆடிய நண்பரிடம் கொடுத்து, இவை எங்கே என்று கேளுங்கள். கிணற்றுக்கு மேற்கே, வேலிக்கு இந்தப் பக்கம், பாலத்துக்கு முன்னால் என்று அவர் சொல்லிவிட்டால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். உங்கள் டைல்செட்டில் பத்து டைல் இருந்தாலும் சரி, ஆயிரம் இருந்தாலும் சரி. அவர் சொல்லத் தடுமாறும் துண்டு எதுவோ, அங்கே புதிதாக டைல் வரைய உட்காராதீர்கள். அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்த டைல் வேண்டும் என்பது அதன்பின் தெரிந்துவிடும்.